கொறற்றியின் கையிலிருந்த திறப்பு

கொறற்றி அன்றைக்குச் செய்த பிழை ஒன்றே ஒன்றுதான். வந்தவர்களை வாசலில் நிற்க விடாமல் உள்ளே கூப்பிட்டுவிட்டாள். எங்கள் ஆட்களில் யார்தான் கூப்பிடாமல் விடுவார்கள்? கதவடியில் நின்ற இரண்டு பேரும் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட அரசாங்க உத்தியோகத்தர்கள். அதில் ஃப்ராவ் ஹாட்மன் என்ற பெண் சிரித்த முகத்தோடு வணக்கம் வேறு சொன்னாள்.

2009ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம், ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணி. ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரெயிலில் நாற்பது நிமிடம் தள்ளியிருந்த சின்ன ஊரில் மூன்றாம் மாடி வீடு. கொறற்றியின் புருசன் வின்சன்ற் வேலைக்குப் போயிருந்தான். அன்றைக்கு நடந்ததை அவள் பிறகு சொல்லிச் சொல்லி அழுததில், தானே பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி அவனுக்கு எல்லாம் பாடமாகிவிட்டது.

வின்சன்ற் மன்னார்க்காரன். எண்பத்தாறில் அகதியாக வந்து, அன்ராக் என்கிற விண்ணப்பம் மேல் விண்ணப்பமாக எழுதி, ஒருவழியாகத் தொண்ணூற்றெட்டில் ஜேர்மன் கடவுச்சீட்டு எடுத்தவன். இரும்புச் சாமான் கடைகிற தொழிற்சாலையொன்றில் லேத் மெசினில் வேலை. குடியில்லை, சீட்டாட்டமில்லை, சங்கத்துச் சண்டையில்லை. இருந்த ஒரே பைத்தியம் பழைய றிவோல்வர்கள். அதிலும் எல்லாம் இல்லை. நூறு, நூற்றிருபது வருசத்துக்கு முந்தின இரட்டை இயக்க றிவோல்வர்கள் மட்டும்.

அதற்கு முந்தின றிவோல்வர்களில் ஒவ்வொரு வெடிக்கும் பெருவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து நிறுத்த வேண்டும். இரட்டை இயக்கத்தில் அந்த வேலை இல்லை. விசையை ஒரே இழுவையாக இழுத்தால் உள்ளே ஒரு கொளுக்கி உருளையைத் திருப்பும், ஒரு நெம்பு சுத்தியலை எழுப்பும், கடைசியில் சுத்தியல் தானாக விழும். அந்தக் காலத்து விசை கல்லுப்போல இறுக்கம். பழகாதவன் இழுத்தால் குறி அரை முழம் தள்ளிப் போகும். வின்சன்ற் இருபத்தைந்து மீற்றரில் ஆறு வெடியையும் ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவு வட்டத்துக்குள் அடக்கிவிடுவான்.

இந்தப் பைத்தியம் பிடித்தது தொண்ணூற்றைந்தில். அவன் வேலை செய்த இடத்துப் போர்மன் கூப்ளர், ஊர்ச் சுடுகழகத்தின் தலைவரும்கூட. ஒருநாள் அவர் ஒரு பழைய சுவிஸ் றிவோல்வரைக் கொண்டுவந்து, ஒரு திருகாணி தேய்ந்துவிட்டது, கடைந்து தர முடியுமா என்று கேட்டார். அந்தச் சுவிஸ் சாமானின் பக்கத் தகடு ஒரு சின்னக் கதவு மாதிரித் திறக்கும். திறந்தால் கொளுக்கி, நெம்பு, வில் எல்லாம் ஒன்றையொன்று தள்ளுவது கண்ணுக்கு முன்னால் தெரியும். மன்னாரில் துவக்கை எப்போதும் முன்பக்கமாகவே பார்த்தவன் அவன். அன்றைக்குத்தான் அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தான். மூன்று நாள் அதைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

எங்கள் சனம் சும்மா இருக்குமா? துவக்குக்குப் பயந்து ஓடிவந்தவன் துவக்கு வளர்க்கிறான் என்று மாதா கோவில் வாசலில் நக்கலடித்தார்கள். ஏன் இது என்று கேட்டால் வின்சன்ற் சிரித்துவிட்டுக் கதையை மாற்றுவான். ஆனால் சுடுகழகத்தில் அவன் வெளிநாட்டுக்காரன் இல்லை. விசை இறுகினால், வில் முறிந்தால், பட்டறை வைத்திருக்கிற ஜேர்மன்காரனே அவனிடம் வந்து, "வின்சன்ற், இதை ஒருக்கால் பார்" என்பான். இந்த நாட்டில் அவனிடம் ஆலோசனை கேட்ட வேறு ஆட்கள் இல்லை. அந்த ஒரு இடத்துக்காகத்தான் அவன் வாரம் முழுவதும் மெசினடியில் நின்றான் என்று சொன்னாலும் பொய்யில்லை.

சேகரிப்பாளர் என்று அனுமதி எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பரீட்சை எழுதினான். ஐரோப்பியப் படைகளின் இரட்டை இயக்க றிவோல்வர்கள் பற்றிப் பதினேழு பக்கத்தில் கட்டுரை எழுதிக் கொடுத்தான். மகள் லவினியா அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை, அவள்தான் ஜேர்மன் திருத்தினாள். தொண்ணூற்றொன்பதில் அனுமதி வந்தது. இனி வீட்டுக்குள் கொண்டுவருவது மட்டும்தான் மிச்சம். அங்கே கொறற்றி நின்றாள்.

கொறற்றியின் தம்பி டெனிஸ்டனை எண்பத்தைந்தில் மன்னார் ரோட்டில் வைத்துச் சுட்டார்கள். பத்தொன்பது வயது. முதலில் ஓடிப்போய்த் தூக்கியது அவள். அப்படிப்பட்டவளிடம் போய் வீட்டுக்குள் றிவோல்வர் வைக்கப்போகிறேன் என்றால் என்ன சொல்லுவாள்? இரண்டு மாதம் அவனோடு கதைக்கவில்லை. பிறகு ஒருநாள் அவளே வந்து, "வைக்கிறதெண்டால் வையுங்கோ. ஆனால் திறப்பு என்னட்டை இருக்கவேணும். என்னைக் கேளாமல் நீங்கள் அதைத் திறக்கக்கூடாது" என்றாள்.

வின்சன்ற்றுக்குச் சட்டம் தெரியும். பரீட்சையில் அந்தக் கேள்வியே வந்தது: துவக்கு வைக்கும் இரும்புப் பெட்டகத்தின் திறப்பு, அதாவது சாவி, யாரிடம் இருக்கலாம்? அனுமதி உள்ளவரிடம் மட்டும். மனைவி, பிள்ளை, கூடப்பிறந்தவர் யாரும் அது இருக்கும் இடத்தைக்கூட அறியக்கூடாது. சரியான விடைக்கு அவனே புள்ளடி போட்டான். வீட்டுக்கு வந்து இரண்டு திறப்பையும் மனைவியின் கையில் கொடுத்தான். புருசன் பெண்சாதிக்குள் உன் திறப்பு என் திறப்பு என்று ஒன்று உண்டா என்று நினைத்தான். அவள் ஒன்றைத் தாலிக்கொடியோடு ஊசியில் கொளுவினாள், மற்றதை மாதா சுரூபத்துக்குப் பின்னால் வைத்தாள். அவனுக்குக் கோவிலில் செய்த கலியாணத்தைவிட அதுதான் பெரிய ஒப்பந்தமாகப் பட்டது.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அவள் பெட்டகத்தைத் திறந்துவிடுவாள். அவன் ஒன்றோ இரண்டோ எடுத்துக்கொண்டு கழகத்துக்குப் போவான். திரும்பி வந்து, துடைத்து எண்ணெய் போட்டு, மேசையில் வைப்பான். கொறற்றி பக்கத்தில் வந்திருந்து, உருளையைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு துளைக்குள்ளும் சின்னவிரலை விட்டுப் பார்ப்பாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறுவரை வாய்க்குள் எண்ணுவாள். பிறகு, "சரி, வையுங்கோ" என்று பூட்டுவாள். முதல் வருசம் ஒவ்வொன்றையும் இரண்டு தரம் எண்ணினாள். பிறகு ஒரு தரம் போதுமாகியது. கடைசிக் கடைசியில், இந்தப் பெல்ஜியக்காரன் செய்ததுதான் வடிவு என்று சொல்லுமளவுக்கு வந்துவிட்டாள். டெனிஸ்டனைப் பற்றி அவள் வாய் திறந்து கதைத்ததும் அந்த மேசையில்தான். பத்து வருசத்தில் றிவோல்வர் ஒன்று ஐந்தாகியது.

பிறகு 2009 வந்தது. மார்ச் மாதத்தில் பக்கத்து ஊரொன்றில் ஒரு பையன் தகப்பனின் கைத்துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சுட்டான். நாடே உறைந்து போயிருந்தது. கொறற்றி அன்றைக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு, "பாத்தீங்களோ, அந்த வீட்டிலை திறப்பு தாயின்ரை கையிலை இருந்திருந்தால்..." என்றாள். மே மாதம் ஊரில் போர் முடிந்த விதத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்ததில் வின்சன்ற் இரண்டு மாதம் சுடவே போகவில்லை. கோடையில் சட்டத்தை இறுக்கினார்கள். இனிமேல் துவக்கு வைத்திருப்பவர் வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்ப்பார்கள் என்று கூப்ளர் எச்சரித்தார். வின்சன்ற் பெட்டகத்தைத் துடைத்து வைத்தான். திறப்பைப் பற்றி ஒரு வார்த்தை கொறற்றியிடம் சொல்லவில்லை. சொன்னால் அவள் பழையபடி பயப்படத் தொடங்கிவிடுவாள் என்று சாட்டுச் சொல்லிக்கொண்டான்.

அப்படித்தான் அந்த வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. வின்சன்ற் வீட்டில் இல்லை என்றதும் ஃப்ராவ் ஹாட்மன், "பரவாயில்லை, இன்னொரு நாள் வருகிறோம்" என்று திரும்பத்தான் போனாள். அவள் நல்லவள்தான். ஆனால் கொறற்றி அகதிமுகாமில் நாலு வருசம் இருந்தவள். அரசாங்கத்து ஆள் கதவைத் தட்டினால் முழுவதையும் திறந்து காட்ட வேண்டும், தயங்கினால் எதையோ ஒளிக்கிறோம் என்று எழுதிவிடுவார்கள் என்பது அவளுக்கு ஊறிப்போன பாடம். "இல்லை இல்லை, உள்ளே வாருங்கள், திறப்பு என்னிடம் இருக்கிறது" என்று கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

இரண்டு மணிக்கு வின்சன்ற் வந்தபோது அவள் சந்தோசமாகவே இருந்தாள்.

"இஞ்சாருங்கோ, துவக்கு அனுமதிக் கந்தோரிலையிருந்து ரெண்டு பேர் வந்தவை. நல்ல மனுசி. தேத்தண்ணிதான் குடிக்கேலை, நேரமில்லையாம். நான் எல்லாம் திறந்து காட்டினனான்."

வின்சன்ற் சப்பாத்துக் கழற்றக் குனிந்தவன் நிமிரவில்லை. "நீர் திறந்தனீரோ?"

"பின்னை? ஒவ்வொண்டா எடுத்து, விரலை விட்டு, வெறுமையெண்டு காட்டினனான். ஒரு குறையும் சொல்லேலை. எல்லாத்தையும் எழுதிக்கொண்டு போனவ."

"என்ன சொன்னனீர் அவையளுக்கு?"

"உள்ளதைத்தான் சொன்னனான். திறப்பு பத்து வருசமா என்ரை கழுத்திலைதான் கிடக்கு, என்னைக் கேளாமல் அவர் ஒருநாளும் திறந்ததில்லை, அவரை நம்பி நீங்கள் நித்திரை கொள்ளலாம் எண்டு." அவள் சிரித்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். "ஏன்? என்ன பிழை?"

அப்போதுதான் அவன் சட்டத்தைச் சொன்னான். பத்து வருசம் பிந்திச் சொன்னான். சொல்லும்போதாவது தணிந்த குரலில் சொல்லியிருக்கலாம். "உம்மை ஆர் கேட்டது வாய் திறக்கச் சொல்லி?" என்று கீழ்வீட்டுக்குக் கேட்கக் கத்தினான். குற்றம் முழுக்கத் தன்னுடையது என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கத்தினான், வெட்கம் கெட்டவன். கொறற்றி கழுத்தில் கையை வைத்தபடி குசினிக் கதிரையில் இருந்துவிட்டாள்.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. அனுமதியில்லாத ஒருவருக்கு நீண்டகாலம் ஆயுதங்களைத் திறந்துவிட்டிருந்ததால் திரு. வின்சன்ற் அந்தோனிப்பிள்ளையை இனி நம்பத்தக்கவராகக் கருத முடியாது. அனுமதியைத் திரும்பப் பெற எண்ணியிருக்கிறோம். சொல்ல ஏதும் இருந்தால் நவம்பர் பதினேழாம் திகதி ரெர்மினுக்கு, அதாவது நேர்ச் சந்திப்புக்கு, வரவும். நம்பத்தக்கவராக இல்லை என்ற அந்த வரியை வின்சன்ற் திரும்பத் திரும்ப வாசித்தான். இந்த நாட்டுக்கு வந்த இருபத்துமூன்று வருசத்தில் ஒருநாள் வேலைக்குப் பிந்திப் போகாதவன். ஒரு தண்டப்பணம் கட்டாதவன். ஐந்து றிவோல்வரும் போனால், கழகத்திலும் பெயரை வெட்டிவிடுவார்கள். பிறகு ஞாயிற்றுக்கிழமையில் அவன் எங்கே போவான்? மெசினில் இரண்டு துண்டைப் பிழையாகக் கடைந்தான்.

கூப்ளரிடம் போனான். மார்ச்சுக்குப் பிறகு கழகத்துக்கு ஏற்கனவே கெட்ட பெயர், இன்னொரு கறை வேண்டாம் என்ற பயம் அந்த மனிதருக்கு. கோப்பியைக் கலக்கிக் கலக்கிச் சொன்னார்: "நீ கொடுத்தாய் என்றால் கதை முடிந்தது. ஆனால் உன் மனைவி மேலதிகத் திறப்பை உனக்குத் தெரியாமல் எடுத்து ஒளித்து வைத்திருந்தாள் என்றால், நீ ஏமாற்றப்பட்டவன். கவனக்குறைவு, அவ்வளவுதான். அவள் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும்."

வீட்டுக்கு வந்த வின்சன்ற் அதைச் சொல்வதைத் தள்ளிப்போட்டான். மூன்று நாள் விறாந்தைக்கும் குசினிக்கும் நடந்தான். சொன்னால் அவள் முடியாது என்பாள், கொறற்றி சாமான் வாங்கின மிச்சக்காசுக்குக்கூடப் பொய் சொல்லாதவள். அவள் முடியாது என்றால் தன் மனச்சாட்சியும் தப்பிவிடும் என்று ஒரு கணக்கு அவனுக்குள் ஓடியது. நாலாம் நாள் சொன்னான்.

கொறற்றி அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதிரையில் இருந்தாள். "நான் களவெடுத்தனான் எண்டு எழுதவேணும், அப்பிடித்தானே?" என்றாள்.

"உமக்கு ஏலாதெண்டால் விடுவம்."

"நான் வாய் திறந்துதானே இவ்வளவும் வந்தது. கொண்டாங்கோ."

அவன் எழுதிக் கொடுத்தான். அவள் வாசித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்து வைத்தாள். விடுவோம் என்று அந்தத் தாளைக் கிழித்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். அவன் அதை மடித்துக் கடித உறைக்குள் வைத்தான்.

பதினேழாம் திகதி இரண்டு பேரும் பஸ்ஸில் போனார்கள். கொறற்றி பூசைக்குக் கட்டும் சேலை கட்டியிருந்தாள். கந்தோர் அறையில் ஃப்ராவ் ஹாட்மன் அவர்களை இருத்தி, அந்தத் தாளை மெதுவாக வாசித்தாள். பிறகு தன் குறிப்பை எடுத்தாள்.

"அன்றைக்கு நீங்கள் சொன்னதை நான் அப்படியே எழுதியிருக்கிறேன். திறப்பு எப்போதும் என்னிடம்தான் இருக்கும், கணவர் என்னைக் கேட்டுத்தான் திறப்பார் என்றீர்கள். இதில் எது உண்மை?"

கொறற்றி வின்சன்ற்றைப் பார்க்கவில்லை. "இந்தத் தாளில் உள்ளது உண்மை. அன்றைக்குச் சொன்னது பொய்."

"அவருக்குத் தெரியாமல் எடுத்தீர்களா?"

"ஓம். எடுத்தேன். களவாக எடுத்தேன்." முதல் சொல் தமிழில் வந்துவிட்டது. அதைத் திருத்தி மறுபடி ஜேர்மனில் சொன்னாள். அவளுடைய இரண்டு கையும் மடியில் ஒன்றையொன்று பிசைந்துகொண்டிருந்தன. வின்சன்ற் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஃப்ராவ் ஹாட்மன் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. கோபப்படவுமில்லை. அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது. பேனையை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்: "சரி, எழுதியபடியே எடுத்துக்கொள்வோம். அப்படியென்றால் உங்கள் வீட்டில் பத்து வருசமாக ஆயுதப் பெட்டகத்தின் திறப்பைத் திருடி வைத்திருந்த ஒருவர் இருக்கிறார். அவர் இருக்கும் வீட்டில் நான் எப்படி ஆயுதங்களை விட முடியும்? நீங்கள் தனியாக வசிப்பவராக இருந்தால் வேறு கதை, அப்போது மறுபடி யோசிக்கலாம். ஆனால்..." என்று தோளைக் குலுக்கிக் கோப்புக் கட்டை மூடப் போனாள்.

"தனியாக வசிப்பதை எந்தத் திகதிக்குள் பதிய வேண்டும்?" என்று வின்சன்ற் கேட்டான்.

கேட்டது தான்தான் என்பது வார்த்தை வெளியே வந்த பிறகே அவனுக்கு உறைத்தது. இருபத்துமூன்று வருசமாக ஒவ்வொரு கந்தோரிலும் எழும்புமுன் கேட்ட கேள்வி அது. என்ன தாள், எந்தத் திகதிக்குள். வாய் பழகிப்போய்விட்டது என்று பிறகு தனக்குத்தானே எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தான். ஆனால் அந்த ஒரு கணத்தில், கொறற்றியின் தமக்கை யோசப்பின் ஹனோவரில் இருக்கிறாள், லவினியாவும் அங்கேதான் படிக்கிறாள், அந்த விலாசத்தில் கொறற்றியைப் பதியலாம் என்பதுவரை அவனுடைய மூளை ஓடி முடித்திருந்தது. அதை அவனால் தன்னிடமிருந்தே மறைக்க முடியவில்லை. பக்கத்தில் பிசைந்துகொண்டிருந்த கைகள் நின்றன.

ஃப்ராவ் ஹாட்மன் முதலில் அவனையும் பிறகு கொறற்றியையும் பார்த்தாள். "நான் அப்படி ஒரு வழி சொல்லவில்லை, திரு. அந்தோனிப்பிள்ளை. ஒரு உதாரணத்துக்குச் சொன்னேன். அனுமதி ரத்தாகிறது. நாலு கிழமைக்குள் ஐந்தையும் உரிமையுள்ள ஒருவரிடம் ஒப்படையுங்கள்." கதவுவரை வந்து கொறற்றியின் கையை மட்டும் கொஞ்சநேரம் பிடித்திருந்தாள்.

பஸ்ஸில் ஆட்கள் குறைவு. கொறற்றி யன்னல் பக்கம் இருந்தாள். வெளியே மழைத்தூறல். வின்சன்ற்றுக்கு ஐந்து றிவோல்வரும் போனது நெஞ்சில் பாரமாக இருந்தது, ஆனால் அதைவிடப் பாரமான ஒன்று பக்கத்து இருக்கையில் இருந்தது.

"நான் சும்மா கேட்டனான்," என்றான்.

"ஓம்."

"கந்தோரெண்டால் வாயிலை வாறதுதானே அந்தக் கேள்வி."

கொறற்றி திரும்பி அவனைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். அவள் மிகவும் களைத்துப் போயிருந்தாள்.

"அங்கை நான் சொன்னது பொய். உங்களுக்காகச் சொன்ன பொய். அதை நான் சாமியாரிட்டைப் பாவசங்கீர்த்தனத்திலை சொல்லுவன்," என்றாள். "நீங்கள் கேட்டது பொய்யில்லை." கொஞ்சம் பொறுத்து, "நான் அக்காவோடை போய் இருக்கவோ?" என்று கேட்டாள்.

வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். இறங்க வேண்டிய இடத்துக்கு இன்னும் நாலு தரிப்பிடம் இருந்தது. வீட்டுப் படியேறிக் கதவைத் திறந்து உள்ளே போகும்வரையிலும் அவன் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.